அவர் பேரில் மிச்சமிருந்த சாயங்காலம்

பிப். 9, ஞாயிறு

காலையில் பனி. வாசல் பலாமரமே தெரியவில்லை. பத்து மணிக்கு மேல்தான் வெயில். மேட்டுக்கொல்லையில் புளி உலுக்கல். பாதி மரம் ஆச்சு. கையெல்லாம் பிசுபிசு. சாமை இடிக்க வேண்டும், இடிக்கவில்லை.

மதியம் துபாயிலிருந்து குமார் போன். என் கொழுந்தன். மேட்டுக்கொல்லையில் மட்டும்தான் டவர் எடுக்கும், அதனால் கிடைத்தது. அங்கே பாலைவனத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி ஓட்டுகிறான். என் வீட்டுக்காரர் பார்த்த அதே வேலை, அதே கம்பெனி. அவர்தான் போன வருஷம் சேர்த்துவிட்டார்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனக்கக் கூடாது நீங்க."

விஷயம் இது. அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். சீசனுக்கு ஒரு சாயங்காலம் டிரைவர் வீட்டு ஆட்களுக்குப் பாலைவனப் பயணம் இலவசம். தனி வண்டி, தனி இடம், சாப்பாடு. வெள்ளைக்காரன் எப்படிப் போவானோ அப்படி. அவர் தன் பங்கை எடுக்கவே இல்லை. எனக்கென்று வைத்திருந்தார். இந்தப் பங்குனியில் என்னை அழைத்துப்போவதாகப் பேச்சு. ஐப்பசியில் ரூமில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு.

இப்போது முதலாளி, அது அவர் குடும்பத்துக்கு உள்ளது, யாராவது வந்தால் போகட்டும் என்றாராம். குமார் பெண்டாட்டி செல்வி வெள்ளிக்கிழமை விசிட் விசாவில் போகிறாள்.

"செல்விய இட்டுனு போட்டுமா அண்ணி? நீங்க சொன்னாதான்."

ஸ்பீக்கரில் கேட்டான். பக்கத்தில் மாமியார். எதிரில் செல்வி, புளியங்கொம்பை வளைத்துப் பிடித்தபடி, மூச்சு விடாமல்.

"போட்டும்" என்றேன்.

வேறென்ன சொல்ல. சந்தோஷத்தில் அவள் கொம்பை விட்டாள். காய் அத்தனையும் என் தலையில்.

பிப். 10, திங்கள்

பனி குறைவு. பெட்டைக்கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது.

இந்த டைரி அவர் கொண்டுவந்தது. அட்டையில் ஒட்டகம். டவர் கிடைக்கிற நேரத்தில் சொல்ல வேண்டியது மறந்துபோகிறது என்றேன். "எழுதி வெச்சிக்கினு படிமே" என்றார். அஞ்சாம் கிளாஸ் எழுத்து, அதற்கே பெருமைப்பட்டார். இப்போது படித்துக்காட்ட ஆளில்லை. கை மட்டும் நிற்கவில்லை.

சாயங்காலம் செல்வி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். அவளும் ஒன்றிரண்டு எடுத்தாள். வேலை செய்வது போல.

"அக்கா, அங்க இன்னா இன்னா இருக்கும்? மாமா உன்கிட்ட தெனம் சொல்லுவாரே."

"உம் புருஷன் சொல்லலியா?"

"அவரு எங்க சொல்றாரு. வா வந்து பாருன்றாரு."

சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் குரலே வந்தது எனக்கு.

மத்தியானச் சாப்பாடு செரித்த நேரத்தில் வண்டி வரும். வெள்ளை வண்டி, உயரம். நீங்கள் மட்டும்தான், வேறு குடும்பம் ஏறாது.

ரோடு முடிகிற இடத்தில் நிறுத்தி டயர் காற்றை இறக்குவார்கள். பஞ்சர் என்று பயப்படாதே. காற்று குறைந்தால்தான் மணலில் புதையாது.

பெல்ட். கட்டாயம். மணல்மேடு ஏறும்போது வானம் மட்டும் தெரியும். இறங்கும்போது மணல் மட்டும். அடிவயிறு தொண்டைக்கு வரும். சீட்டுக்குப் பின்னால் வாந்திக்குக் கவர்.

உச்சிமேட்டில் பொழுது இறங்குகிற வரை நிறுத்துவார்கள். போட்டோ.

ஒட்டகம் பின்னங்காலைத்தான் முதலில் தூக்கும். பின்னால் சாய்ந்துகொள்.

கூடாரம், கம்பளம், திண்டு. பேரீச்சம்பழம். சர்க்கரை இல்லாத காபி, சின்னக் கிண்ணத்தில். மருதாணி. நெருப்பில் வாட்டின கறி. ஒரு ஆள் பாவாடையில் லைட் கட்டிக்கொண்டு சுற்றுவான்.

"ஆம்பளையா? பாவாடையா?" செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கடைசியில் விளக்கெல்லாம் அணைத்துவிட்டு நட்சத்திரம் காட்டுவார்கள்.

"தோ, நட்சத்திரம் நம்ம வூட்டு மேலயே கொட்டிக் கெடக்குது. காவலூர்ல அதுக்குன்னே அவ்ளோ பெரிய கண்ணாடி வெச்சிக்கினு குந்திகினு கீறாங்க. அத்தப் பாக்க அவ்ளோ தூரமா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. உடனே கோபம். நான் அவரிடம் சொன்ன அதே பேச்சு. அதையும் எடுத்துக்கொண்டாள்.

என்ன புடவை கட்ட என்று கேட்டாள். பட்டு கட்டு, போட்டோவில் எடுப்பாக இருக்கும் என்றேன். ஜரிகையில் மணல் புகுந்தால் போகாது. தெரிந்துதான் சொன்னேன். பொழுது போனால் அங்கே குளிரும். அதைச் சொல்லவில்லை.

பிப். 11, செவ்வாய்

குழாயடியில் கூட்டம். நான் வருவதைப் பார்க்காமல் பேச்சு.

"பெரியவளுக்குப் போட்ட எல, சின்னவ குந்திக்கினா."

"அவ இன்னாடி பண்ணுவா, தாலியறுத்தவ ஏரோப்பிளேன் ஏறுனா ஊரு சும்மா வுடுமா?"

குடத்தை வைத்தேன். எல்லாரும் உடனே தண்ணீர் அழுத்தம் இல்லை என்று பேச ஆரம்பித்தார்கள்.

பாஸ்போர்ட் என் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. ஒரு முத்திரை கூடக் குத்தாமல், புது வாசனையோடு. போட்டோவில் என் நெற்றியில் பொட்டு.

மத்தியானம் ஒன்று பார்த்தேன். பலாமரத்துக்குப் பின்னால் செல்வி குனிந்து நின்றாள். குமட்டல். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பும்போது மடியில் புளியஞ்செங்காய். நேற்று காபி போட்டபோதும் எழுந்து வெளியே போனாள். கருவாடு வறுத்த அன்றும்.

எங்கள் வீட்டில் விலக்கானால் மூன்று நாள் வெளிக்கொட்டாயில் படுக்கை. யாரும் மறைக்க முடியாது. செல்வி மார்கழியிலும் படுக்கவில்லை, தையிலும் படுக்கவில்லை. பொங்கலுக்கு போளூர் பக்கம் அம்மா வீட்டுக்குப் போனாள், அங்கே ஆகியிருக்கும் என்று நினைத்தேன்.

குமார் அவர் உடம்போடு வந்தான். மார்கழி கடைசி வரை இருந்தான். துக்க வீட்டில் மூணு மாசம் புருஷன் பெண்டாட்டி சேரக்கூடாது, எங்கள் வீட்டு வழக்கம். மாமியார் அவனைக் கூடத்தில் படுக்கச் சொன்னார். தட்டிக்கு அந்தப் பக்கம் குசுகுசுப் பேச்சு கேட்கும். நான் போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

அதனால்தான் வாயைத் திறக்கவில்லை அவள். சொன்னால் மாசக் கணக்கு ஊருக்குத் தெரிந்துவிடும்.

சாயங்காலமும் அவளுக்கு. இதுவும் அவளுக்கு.

அடுப்பில் களி அடிப்பிடித்துவிட்டது.

பிப். 12, புதன்

வேலை எதுவும் ஓடவில்லை.

திங்கட்கிழமை நான் அவளுக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று வேண்டுமென்று விடவில்லை. தோன்றவில்லை.

வண்டியில் ஏறுவதற்கு முன்னால் அவர் எல்லாரிடமும் முதலில் ஒன்று கேட்பார். யாருக்காவது வயிற்றில் பிள்ளை இருக்கிறதா. இருந்தால் மேட்டில் ஏற்றமாட்டார். கூடாரத்துக்கு ரோடு வழியாக அனுப்பிவிடுவார். கம்பெனி ரூல்தான், ஆனால் மற்ற டிரைவர்கள் பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்களாம். இவர் ஒவ்வொரு பெண்பிள்ளையையும் முகம் பார்த்துக் கேட்பார். கூட இருக்கிறவர்கள் "டாக்டரு வந்துட்டாரு" என்று கேலி செய்வார்களாம்.

ஏன் கேட்டார் என்று எனக்குத் தெரியும். இங்கே அவர் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், மழையில் அரித்துப்போன ரோட்டில் என்னை முன்சீட்டில் வைத்து திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்கு செக்கப்புக்கு அழைத்துப்போனார். கீழே போய்ச் சேர்வதற்குள் சீட்டு நனைந்துவிட்டது. அதற்கப்புறம் எனக்குத் தங்கவே இல்லை. ஜீப்பால் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். அவர் நம்பவில்லை.

அந்தக் கேள்வி எனக்காகக் கேட்டது. யார் யாரையோ கேட்டார், எல்லாம் எனக்காக.

இப்போது செல்வியிடம் கேட்டால்? பொறாமையில் கேட்கிறாள் என்பாள்.

பொறாமைதான். அது பொய்யில்லையே.

பிப். 13, வியாழன்

பெட்டி கட்டினாள். மாமியார் ராகி மாவு, தேன், புளி எல்லாம் கட்டிக் கொடுத்தார். புளி உருண்டை ஒன்றை எடுத்து அவள் வாயில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

மாமியார் ஆட்டைப் பிடிக்கப் போன சமயம் கேட்டேன்.

"செல்வி, வயித்துல எதாச்சும் கீதா?"

முகம் வெளுத்தது. "இன்னாக்கா பேசற நீ?"

"கேட்டதுக்குப் பதிலு சொல்லு. இருந்தா அந்த மேட்டுல ஏறாத. கூடாரத்துக்கு மட்டும் போ. வண்டி அப்பிடித் தூக்கித் தூக்கிப் போடும்."

"ஒண்ணும் இல்ல."

"செங்காய் துன்ற."

"எனக்குப் புளிப்பு புடிக்கும்." பட்டுப்புடவையை மடித்துப் பெட்டியில் அமுக்கினாள். அப்புறம் நிமிர்ந்தாள். "போட்டும்னு நீதான சொன்ன? சொல்ட்டு மூணு நாளா மொகத்தத் தூக்கி வெச்சிக்கினு கீற. நான் போவக்கூடாதுன்னா நேரா சொல்லுக்கா. இல்லாததெல்லாம் இட்டுக்கட்டாத."

"நான் இட்டுக்கட்டல."

"உனக்கு வயித்தெரிச்சல்."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாமியார் ஆட்டை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். "இன்னாமே சத்தம்?" என்றார். பெட்டி பூட்டு சேரவில்லை என்றாள் செல்வி. நான்தான் பெட்டி மேல் உட்கார்ந்து அமுக்கினேன். அவள் பூட்டினாள்.

பிப். 14, வெள்ளி

விடிவதற்குள் ஜீப். புதூர்நாட்டிலிருந்து கீழே இறங்கி ரயில். அவள் அண்ணன் கூடப் போனான், ஏர்போர்ட் வரை.

நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது நான் எதிரில் நிற்கக்கூடாது. உள்ளே அடுப்படியில் நின்றேன். செல்வியே உள்ளே வந்தாள். கையைப் பிடித்தாள். ஈரக் கை. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வெளியே ஹாரன்.

"வர்றேங்கா."

போய்விட்டாள். வளையல் புதுசு, சத்தம் வாசல் வரை கேட்டது.

அடுப்படி ஜன்னலில் பார்த்தேன். டிரைவர் முன்சீட்டைத் தட்டி "மெதுவா, ரோடு சரியில்ல, மெதுவாவே போலாம்" என்றான். அவர் சொல்கிற மாதிரி.

ஆடு இரண்டும் பக்கத்துக் கொல்லையில் மேய்ந்து சண்டை. நான் பேசவில்லை. மாமியார் பேசிக்கொண்டார்.

பிப். 16, ஞாயிறு

வெயில். புளி மூன்று மூட்டை.

மேட்டுக்கொல்லைப் பாறை மேல் உட்கார்ந்து அவர் போனைப் பார்த்தேன். பெட்டியோடு வந்தது. பூட்டு நம்பர் எங்கள் கல்யாண நாள். படங்கள் முழுக்க வண்டியில் வந்தவர்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தி அவர் பக்கத்து சீட்டில், தலையைப் பின்னால் போட்டுச் சிரிக்கிறாள். வேறொருத்தி மணலில் இறங்கக் கையைப் பிடித்திருக்கிறார். ஒரு கிழவி அவர் தோளில் சாய்ந்துகொண்டு. எல்லாருக்கும் அந்தச் சீட்டு. தினம் ஒருத்தி. கட்டினவள் மட்டும் பாறையில்.

அவர் எல்லாப் படத்திலும் சிரிக்கிறார். எனக்கு அனுப்பின படங்களில் இவ்வளவு பல் தெரியாது.

பொழுது விழுந்தது. "உன் சூரியன் இப்பத்தான் என்கிட்ட வருது, நீதான் அனுப்பின" என்பார். இங்கே இருட்டின பிறகும் அங்கே வெளிச்சம் இருக்கும். குமாருக்கு போன் போட நினைத்தேன். போடவில்லை. போனைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே கீழே வந்துவிட்டேன்.

பிப். 18, செவ்வாய்

குமார் வாய்ஸ் அனுப்பியிருந்தான். செல்வி நன்றாக இருக்கிறாள், வியாழக்கிழமை அண்ணன் சாயங்காலம் வைத்திருக்கிறது என்றான். அண்ணன் சாயங்காலம். அப்படியேதான் சொன்னான்.

பின்னால் செல்வி குரல். "அக்காகிட்ட சொல்லுங்க, இங்க குழாயத் தொறந்தா சுடுதண்ணி வருதுன்னு."

மாமியாருக்கு வெந்நீர் வைத்துவிட்டுப் பாறைக்கு ஏறினேன். குமாருக்கு போன் போட்டுவிட்டேன்.

"சொல்லுங்கண்ணி."

"வண்டி ஏறுமுன்ன உங்கண்ணன் எல்லார்கிட்டயும் மொதல்ல இன்னா கேப்பாரு?"

டவர் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"தெரியும் அண்ணி."

"அத உம் பொண்டாட்டிகிட்டயும் கேளு. மொகத்தப் பாத்துக் கேளு."

"அண்ணி… அவ இன்னா…"

"கேளு. அவ்ளோதான். அத்தைக்கு நான் சொல்ல மாட்டேன், ஊருக்கும் சொல்ல மாட்டேன். மாசம் தள்ளிச் சொல்லிக்கலாம்."

வைத்துவிட்டேன். பிள்ளைக்காகச் சொன்னேனா, அவள் அந்தச் சீட்டில் உட்காரக்கூடாது என்று சொன்னேனா. இரண்டுக்கும்தான். எது முன்னால் வந்தது என்று இந்த டைரிக்கே தெரியாது.

பிப். 19, புதன்

போன் இல்லை. இரண்டு தடவை பாறைக்குப் போய் வந்தேன். "புளி முடிஞ்சி போச்சி, இன்னும் அங்க இன்னா வேல?" என்று மாமியார். கூடை மறந்துவிட்டது என்றேன். கூடை என் இடுப்பிலேயே இருந்தது.

அடைக்கோழி ஒரு முட்டையைக் கொத்தி உடைத்துவிட்டது.

பிப். 20, வியாழன்

மத்தியானத்திலிருந்தே பாறையில். பழைய சோறு கொண்டுபோனேன். சாப்பிடவில்லை.

பொழுது மலைக்குப் பின்னால் போன பிறகு போன் அடித்தது. வீடியோ. அந்த ஊரில் வேலை செய்கிற ஆப், அவர்தான் என் போனில் போட்டுக்கொடுத்தார்.

முதலில் மணல். கேழ்வரகு மாவைக் கொட்டிப் பரப்பின மாதிரி. அங்கே இன்னும் வெயில். அப்புறம் செல்வி. ரோட்டோரம் விரித்த கம்பளத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பட்டுப்புடவை, நான் சொன்ன அதே பட்டு, கொசுவம் முழுக்க மணல். அழுத கண். தோளில் அவர் ஜெர்க்கின்.

அந்த நீல ஜெர்க்கின். ரூமிலேயே இருந்துவிட்டதாம். குளிருமென்று இவளுக்குத் தெரியாது, கொண்டுவரவில்லை, அதனால் குமார் எடுத்துப் போட்டான். நான் சொல்லியிருந்தால் ஸ்வெட்டர் கொண்டுபோயிருப்பாள். அவர் சட்டை அவள் மேல் ஏறியிருக்காது. என் வாயே எனக்கு வினை.

"அக்கா" என்றாள். கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் பதில்.

"தொவைக்காத" என்றேன்.

"இன்னாக்கா?"

"அந்த ஜெர்க்கின. அப்பிடியே கொண்டாந்து குடு."

தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே சிரித்தாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "வயித்தெரிச்சலுக்காரி" என்றாள். "ஆமாண்டி" என்றேன்.

குமார் போனை வாங்கினான். முகத்தை நேராகக் காட்டவில்லை. "அண்ணி, இவ மேட்டுக்கு வரல. ரோட்டு வழியா கூடாரத்துக்குப் போறா, கம்பெனி வண்டி இன்னும் செத்த நேரத்துல வந்துரும். எங்கண்ணன் சாயங்காலம் வீணாப் போவுது. நீங்க வர்றீங்களா?"

எனக்கு விளங்கவில்லை. போனை வண்டிக்குள் கொண்டுபோனான். முன்சீட்டில், டிரைவர் பக்கத்துச் சீட்டில் நிறுத்தி, பெல்ட்டை இழுத்துக் குறுக்கே மாட்டினான். எனக்குக் கண்ணாடி தெரிந்தது, அதற்கப்புறம் மணல்.

வெளியே இறங்கிப் போய்க் காற்று இறக்கினான். புஸ்ஸென்று நாலு பக்கமும். அவர் பேசிக்கொண்டே செய்வார், எத்தனை நாள் கேட்ட சத்தம். பார்த்ததில்லை.

இங்கே நல்ல இருட்டு. குளிர். கீழே மாமியார் என் பேரைக் கூப்பிடும் சத்தம். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பாறையில் சரியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அவராக இருந்தால் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் என் பக்கம் திரும்பியிருப்பார். என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருப்பார். நான் இல்லை என்று சொல்லியிருப்பேன். அதற்கப்புறம்தான் ஏற்றியிருப்பார்.

"இல்ல" என்றேன்.

"இன்னா அண்ணி?" என்றான் குமார்.

"ஒண்ணுமில்ல. எடு வண்டிய."

எடுத்தான். முதல் மேடு. மணல் போனது, கண்ணாடி முழுக்க வானம், மஞ்சளாக, அவர் சொன்ன மாதிரியே வேறொன்றும் இல்லாமல் வானம், என் அடிவயிறு தொண்டைக்கு வந்தது, இறங்கப் போகிறது என்று பாறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். படம் அப்படியே நின்றுவிட்டது. டவர் போய்விட்டது.

மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. இதைப் பாறையிலேயே போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே இருப்பேன்.